பூமியச்சின் தள்ளாட்டமும் புள்ளிவிபரக் கணிதமும்

இலங்கையின் தலவாக்கலை நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகை தூரத்தில் அமைந்திருக்கிறது என்று கூறும் தேசப்படம், அவ்வூர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் அட்சரேகை மாத்திரம் சில மீற்றர் அளவுக்கு வடக்கும் தெற்குமாக ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது என்னும் செய்தியை நமக்குச் சொல்வதில்லை. பூமி எந்த அச்சைப் பற்றிச் சுழல்கிறதோ அந்த அச்சு, பூமியின் உடலிலே ஆணியடித்தாற்போல் ஸ்திரமாக நில்லாது, வடதுருவத்தில் சில மீற்றர் ஆரமுள்ள சுருள்வட்டங்களை வரைந்தவண்ணம் அலைகிறது. அச்சு அலைய, துருவம் அலைகிறது. துருவம் அலைய, அதிலிருந்து அளக்கப்படும் அட்சரேகைகள் அனைத்தும், தலவாக்கலையினுடையதும் உட்பட, அதனோடு சேர்ந்து அலைகின்றன. வானத்திலே அச்சு இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை கூம்புபோல் சுற்றிவரும் அயன சலனம் வேறு. இங்கே நாம் பேசுவது பூமியின் உடலுக்குள்ளேயே அச்சு இடம்பெயரும் தள்ளாட்டம்.

இத்தள்ளாட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி இருநூற்றைம்பது ஆண்டு வயதுடையது. அதன் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும்: பௌதிக சாஸ்திரம் எழுப்பிய வினாவுக்கு விடைகாணும் பொறுப்பு சிறிது சிறிதாகப் புள்ளிவிபரக் கணிதத்தின் கைக்கு மாறியது, அதற்குக் காரணம் பௌதிகம் தோற்றதன்று, வினாவின் இயல்பே அத்தகையது. பூமிக்கென்று அமைந்த இயல்பான அசைவு எது, அதனைப் புறத்தேயிருந்து உந்துகின்ற ஒழுங்கற்ற சக்திகளின் விளைவு எது என்று பிரித்தறிவதே இவ்வாராய்ச்சியின் சாரம். அந்தப் பிரிவினை எவ்வாறு நிகழ்ந்தது, எவ்வளவு தூரம் வெற்றிபெற்றது, எங்கே இன்னும் முடியாமல் நிற்கிறது என்பவற்றை வரிசையாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

அனுமானமும் பிரத்தியட்சமும்

1765ஆம் ஆண்டிலே லெயோன்ஹார்ட் ஒய்லர் என்னும் சுவிட்சர்லாந்துக் கணித மேதை, விறைப்பான உடலொன்று தன் உருவ அச்சுக்குச் சற்று விலகிய அச்சைப் பற்றிச் சுழலுமாயின், அச்சுழற்சியச்சு உருவ அச்சைச் சுற்றி வட்டமிடும் என்று நிறுவினார். பூமியானது நடுவிலே பருத்தும் துருவங்களிலே தட்டையாயும் இருத்தலால், அதன் பருமனுக்கேற்ப அவ்வட்டத்தை முடிக்க 305 நாட்கள், அதாவது ஏறக்குறையப் பத்து மாதங்கள், செல்லவேண்டும் என்பது அக்கணக்கின் முடிவு. 1840களிலே ருஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்திற் பணிபுரிந்த பீட்டர்ஸும், பின்னர் மாக்ஸ்வெல்லும் இந்தப் பத்துமாத அசைவைத் தேடினார்கள். ஐயத்துக்கிடமின்றி ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் அனைவரும் ஒரே காலவட்டத்தை மனத்திற்கொண்டு, அந்த ஒன்றையே அளவீடுகளுக்குள் தேடியமைதான் தோல்விக்குக் காரணம் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று.

பேர்லின் வானாய்வகத்திலே பிரீட்ரிக் குஸ்ட்னர் 1884, 1885ஆம் ஆண்டுகளில் நட்சத்திர ஒளிப் பிறழ்ச்சியை அளக்க முயன்றபோது, எவ்வகையிலும் ஒத்துவராத சிறு வேறுபாடொன்று தம் எண்களிலே தோன்றுவதைக் கண்டு, மாறுவது நட்சத்திரமன்று, பேர்லினின் அட்சரேகையே என்னும் துணிவான முடிவை 1888இல் வெளியிட்டார். இதைச் சோதிக்கும் பொருட்டு 1891ஆம் ஆண்டிலே ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவுக்கு ஒரு குழு அனுப்பப்பட்டது. அவ்விடம் பேர்லினுக்குப் பூகோளத்தின் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால், அசைவது துருவமேயாயின், ஓரிடத்தில் அட்சரேகை கூடும்பொழுது மற்றையதிற் குறையவேண்டும். அவ்வாறே குறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அனுமானமாக இருந்தது பிரத்தியட்சமாயிற்று.

சாண்டிலர் கண்ட இரண்டு ஆவர்த்தனங்கள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த சேத் கார்லோ சாண்டிலர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்திலே கணக்கீட்டு நிபுணராகத் தொழில்செய்தவர். பல்லாயிரம் மனிதரின் ஆயுளிலிருந்து ஒழுங்கொன்றைப் பிரித்தெடுக்கப் பழகிய அவர், பழைய அட்சரேகை அளவீடுகளை எவ்வித முன்முடிவுமின்றித் திரட்டி, அவற்றிலே எந்தக் காலவட்டம் உள்ளதென்று எண்களையே கேட்டார். 1891இல் அவருக்குக் கிடைத்த விடை 427 நாட்கள். ஒய்லரின் 305 எங்கே, சாண்டிலரின் 427 எங்கே! கணித சாஸ்திரத்தை மறுக்கும் இந்த எண்ணை முதலில் ஐயுற்ற சைமன் நியூகொம் என்னும் வானியல் அறிஞர், சில மாதங்களுக்குள்ளேயே ஒய்லரின் கணக்கு முழு விறைப்பான உடலுக்கே பொருந்தும் என்பதையும், பூமி சற்று நெகிழ்வுடையதாயும் அதன் மீது கடல்நீர் அசையத்தக்கதாயும் இருப்பதால் காலவட்டம் நீளவேண்டியதே நியாயம் என்பதையும் காட்டினார். எண்களின் சாட்சியம் இவ்வாறு பூமியின் உட்புறத்து நெகிழ்வை அளக்க உதவிற்று.

1892இலே சாண்டிலர் இன்னுமொரு படி சென்றார். துருவத்தின் அசைவு ஒன்றன்று, இரண்டு அசைவுகளின் கூட்டு. ஒன்று பதினான்கு மாதத்தது, மற்றையது ஓராண்டினது. இன்றைய மதிப்பின்படி 433 நாட்களையும் 365 நாட்களையும் காலவட்டங்களாகக் கொண்ட இவ்விரு அசைவுகளும் ஒருமுறை சேர்ந்து ஒருமுறை எதிர்த்து நிற்பதால், ஏறக்குறைய ஆறு ஆண்டும் ஐந்து மாதமும் கொண்ட ஒரு பெருவட்டத்திலே துருவத்தின் சுருள் விரிந்து சுருங்குகிறது. விரிந்தபோது அதன் ஆரம் ஒன்பது மீற்றரை எட்டுவதுமுண்டு. சுருங்கும்போது துருவம் சராசரி நிலைக்கு அருகிலேயே ஒடுங்கிவிடும். இரண்டையும் பிரித்தறிய, இந்தப் பெருவட்டம் ஒன்றேனும் முடியும்வரை இடையறாது அளக்கவேண்டும் என்பது இதிலிருந்து எழும் நியதி.

ஒரே அட்சரேகையில் ஆறு நிலையங்கள்

அந்த இடையறாத அளவீட்டுக்காகவே 1899ஆம் ஆண்டில் சர்வதேச அட்சரேகைச் சேவை தொடங்கப்பெற்றது. ஜப்பானிலே மிசுசாவா, மத்திய ஆசியாவிலே சார்ஜூய், இத்தாலியிலே கார்லோஃபோர்ட்டே, அமெரிக்காவிலே கெய்தர்ஸ்பர்க், சின்சினாட்டி, யூக்காயா ஆகிய ஆறு நிலையங்களும் வட அட்சரேகை 39 பாகை 8 கலையிலேயே அமைந்தமை தற்செயலன்று: ஒரே அட்சரேகையிலிருந்து ஒரே நட்சத்திரங்களையே அனைவரும் நோக்கினால், நட்சத்திரப் பட்டியலிலுள்ள பிழை எல்லார்க்கும் பொதுவாகி, ஒப்பிடும்பொழுது நீங்கிவிடும் என்பது அந்த அமைப்பின் சூட்சுமம். பிற்காலத்தார் பரிசோதனைத் திட்டமிடல் என்று பெயரிட்ட கலை அங்கே ஏற்கனவே செயலில் இருந்தது.

பொதுப்பிழை முற்றாக நீங்கிவிட்டதா? மிசுசாவாவின் கிமுரா ஹிசாஷி 1902இலே, நிலையங்களின் நெடுங்கோட்டைப் பொறுத்து மாறாமல் எல்லா நிலையங்களிலும் ஒன்றுபோலவே ஆண்டுதோறும் ஏறி இறங்கும் மற்றோர் உறுப்பைச் சேர்த்தாலன்றி எண்கள் பொருந்தா என்று கண்டார். துருவ அசைவாயின் அது எதிர்ப்புறத்து நிலையங்களில் எதிர்மாறாகத் தோன்றவேண்டும். இது அவ்வாறு தோன்றவில்லை. ஏறக்குறைய எழுபதாண்டுகள் விளங்காதிருந்த இவ்வுறுப்பின் காரணத்தை 1970இல் வாக்கோ யசுஜிரோ கண்டறிந்தார்: பூமியை விறைப்பானதெனக் கொண்டு தயாரித்த அட்டவணைகளிலே அச்சின் அரையாண்டு நடுக்கம் சற்றுப் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது, பூமியின் திரவக் கருவின் செயல் அங்கே கணக்கில் வராமற்போயிருந்தது. பொருந்தாத எச்சத்தைக் குப்பையென்று ஒதுக்காமல் தனிப்பெயரிட்டுப் பாதுகாத்த கிமுராவின் செயல், எச்சங்களிலேதான் அடுத்த அறிவு ஒளிந்திருக்கும் என்பதற்கு நல்ல சான்று.

பருவக்காற்றின் வழியே வந்த கணிதம்

ஓராண்டு அசைவின் காரணத்தைக் காண்பது அரிதாயிருக்கவில்லை. மாரிகாலத்திலே சைபீரியாவின் மேல் குளிர்ந்த கனமான வளி பெருந்திரளாகக் குவிகிறது. கோடையிலே அது கலைந்து ஆசியாவின் மேல் தாழமுக்கம் நிலைகொள்கிறது. இந்த மாபெரும் வளித்திணிவின் இடப்பெயர்ச்சிதான் அச்சை ஆண்டுதோறும் அசைக்கும் பிரதான காரணம் என்று ஹரோல்ட் ஜெஃப்ரிஸ் 1916இல் விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனி, ஆடி மாதங்களிலே மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றும், மார்கழி, தையிலே வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் எந்த ஆசியப் பெருஞ்சுவாசத்தின் பகுதிகளோ, அதே சுவாசந்தான் துருவத்தையும் மூன்று மீற்றரளவு சுற்றிவரச் செய்கிறது. பூமியின் இயல்பான காலவட்டம் ஓராண்டுக்கு அண்மையிலிருப்பதால், ஓராண்டு உந்துதலின் விளைவு ஏறக்குறைய ஐந்து மடங்காகப் பெருகுகிறது என்பதும் இங்கே கருதத்தக்கது.

பதினான்கு மாத அசைவோ வேறு வகையான புதிர். உராய்வினால் அது நாளடைவிலே தணிந்து ஓய்ந்திருக்கவேண்டும், ஓயவில்லை. ஏதோ ஒன்று அதனை உந்திக்கொண்டேயிருக்கிறது. ஆனால் பதினான்கு மாதத்துக்கொருமுறை தவறாது உந்தும் சக்தி எதுவும் இயற்கையில் இல்லை. மேலும் அதன் வீச்சம் கூடியும் குறைந்தும், கட்டம் முந்தியும் பிந்தியும் செல்வதால், காலவட்டமே மாறுகின்றதென்று சாண்டிலர் முதற்கொண்டு பலர் கருதினார்கள். 1968இலே கூட ஜுசெப்பே கொலம்போவும் இர்வின் ஷபிரோவும் அண்மித்த இரண்டு காலவட்டங்கள் இருத்தல் கூடும் என்னும் கருத்தை ஆராய்ந்தனர்.

இம்முடிச்சை அவிழ்த்த கருத்து வேறொரு துறையிலிருந்து வந்தது. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கையை ஆராய்ந்த உட்னி யூல் 1927இலே ஒரு சித்திரத்தை முன்வைத்தார்: தொங்கும் ஊசலொன்றின் மீது சிறுவர்கள் தோன்றியவாறு பட்டாணிகளை எறிகிறார்கள், ஊசல் ஓய்வதுமில்லை, ஒரே சீராக ஆடுவதுமில்லை, அதன் ஆட்டத்திலே காலவட்டம் இருப்பது போலவும் மாறுவது போலவும் தோன்றும், உண்மையில் ஊசலின் இயல்பு மாறவேயில்லை. அளவீட்டுப் பிழை வேறு, ஊசலையே அசைத்து அதன் எதிர்காலத்தை மாற்றிவிடும் உந்துதல் வேறு என்னும் இந்தப் பிரிவினையிலிருந்தே, இன்றைய மதிப்பை நேற்றைய மதிப்பினாலும் புதிதாக வந்த எழுமாறான உந்துதலினாலும் விளக்கும் தன்சார்புத் தொடர் என்னும் கணிதம் பிறந்தது. அதனை 1931இலே பொதுமைப்படுத்தியவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்து, பருவமழை பொய்ப்பதை முன்னறியும் வழியைத் தேடி, தென்பகுதி அலைவு என்னும் பெருநிகழ்வைக் கண்டறிந்த அவர், டார்வின் துறைமுகத்தின் வளியமுக்கப் பதிவுகளிலே ஒழுங்கு உண்டா என்று ஆராய்ந்தபோதுதான் அந்தச் சமன்பாடுகளை வகுத்தார். தென்னாசியப் பருவமழையின் ஆராய்ச்சியிலே செப்பமடைந்த கருவி, அம்மழையின் வளித்திணிவாலேயே ஒரு பகுதி அசையும் துருவத்தை அளக்கவும் பயன்பட்டது.

1940இலே ஜெஃப்ரிஸ் இக்கருத்தைத் துருவ அசைவுக்குப் பிரயோகித்தார். அதன் வடிவம் மிக எளியது. துருவத்தின் நிலையை ஒரு தளத்திலே ஒரு புள்ளியாகக் குறிப்போம். பதினான்கு மாத அசைவைப் பொறுத்தவரை, இம்மாதப் புள்ளியைப் பெறுவதற்குச் சென்ற மாதப் புள்ளியை மையத்தைச் சுற்றி ஏறக்குறைய 25 பாகை திருப்பி, அதன் தூரத்தை மிகச் சிறிதளவு சுருக்கி, பின் எத்திசையிலும் வரக்கூடிய ஓர் எழுமாறான நகர்வைக் கூட்டவேண்டும். திருப்பும் கோணம் காலவட்டத்தைத் தரும். சுருக்கம் உராய்வைத் தரும். கூட்டப்படும் நகர்வு புறவுந்துதலின் வலிமையைத் தரும். மூன்றே எண்களில் பூமியின் இயல்பும் அதன் சூழலும் தனித்தனியே அடங்கிவிட்டன. நிகழ்தகவுக் கோட்பாட்டின் தலைசிறந்த ஆசானாகிய கொல்மோகொரோவும், சினாயும், ஹங்கேரியின் அராட்டோவும் 1962இலே இதே அமைப்பை இடையறாத காலத்துக்கு விரித்து, அந்த எண்களின் மதிப்பீட்டை ஆராய்ந்து வெளியிட்டமை, இச்சிறு அசைவு கணிதவியலார்க்கும் எவ்வளவு கவர்ச்சியாயிருந்தது என்பதைக் காட்டும்.

இந்த மாதிரியுருவை ஏற்றுக்கொண்டால், பழைய ஐயங்கள் பல தாமே தீர்கின்றன. 1920களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 1940 வரை பதினான்கு மாத அசைவு மிகவும் சிறுத்துப்போயிற்று. மீண்டும் வளர்ந்தபோது அதன் கட்டம் பெரிதும் மாறியிருந்தது. விசேஷ காரணமொன்றைத் தேடி ஓடவேண்டியதில்லை: எழுமாறாக உந்தப்படும் அசைவு எப்பொழுதாவது பூச்சியத்துக்கு அருகாகச் செல்லும், அவ்வாறு செல்லுமிடத்தில் மிகச் சிறிய உந்துதலும் கட்டத்தைத் தலைகீழாக்கிவிட வல்லது. காலவட்டம் இரண்டாகப் பிரிந்தாற்போல் தோன்றுவதற்கும் அதுவே விளக்கம்.

தணிவு என்னும் தீராக் கணக்கு

மூன்று எண்களிலே முதலாவது நன்கு நிர்ணயமாகிவிட்டது. 1968இல் ஜெஃப்ரிஸ் 433.2 நாள் என்றார். 1976இல் வில்சனும் ஹௌப்ரிச்சும் 434.0 என்றனர், 1990இல் வில்சனும் விசென்ட்டேயும் 433.0 என்றும், பிழையெல்லை ஒரு நாளுக்குச் சற்றே கூட என்றும் கண்டனர். 1996இல் ஃபுருயாவும் சாவோவும் 433.7 என்றனர். இவற்றிடையே ஒற்றுமை வியக்கத்தக்கது.

இரண்டாவது எண்ணாகிய தணிவின் கதை அத்தகையதன்று. அதனைத் தரக்காரணி என்னும் அளவால் குறிப்பது வழக்கம். அது பெரிதாயின் அசைவு நெடுங்காலம் நீடிக்கும். அதே நான்கு தரப்பினரும் முறையே 61, 100, 179, 49 என்று கூறுகிறார்கள். புறவுந்துதல் நின்றுவிட்டால் அசைவு ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைவதற்கு எத்தனை ஆண்டு செல்லும் என்று இவற்றைப் பெயர்த்தால், 23 ஆண்டு, 38 ஆண்டு, 67 ஆண்டு, 18 ஆண்டு என்றாகும். 1990இன் மதிப்பீட்டாளர்கள் தம் 179 என்னும் எண்ணுக்குத் தாமே கொடுத்த எல்லை 74 முதல் 789 வரை. அதாவது 28 ஆண்டிலிருந்து ஏறக்குறைய 300 ஆண்டு வரை எதுவும் ஒவ்வாததன்று.

ஒரே பதிவிலிருந்து பெறப்படும் இரண்டு எண்களிலே ஒன்று இவ்வளவு தெளிவாயும் மற்றையது இவ்வளவு மங்கலாயும் இருப்பதேன்? காலவட்டத்தை நிர்ணயிக்க நூற்றுக்கு மேற்பட்ட சுற்றுகள் சாட்சி சொல்கின்றன. தணிவை நிர்ணயிப்பதற்கோ, அசைவு தணிந்து மறக்கப்பட்டுப் புதிய உந்துதல்களால் மீண்டும் உருவாகும் முழு நிகழ்ச்சிகள் சாட்சி சொல்லவேண்டும். தணிவுக்காலம் 67 ஆண்டாயின், 1899 முதல் இன்றுவரையுள்ள பதிவிலே அத்தகைய நிகழ்ச்சிகள் இரண்டுக்கு மேல் இல்லை. ஆயிரக்கணக்கான அளவீடுகள் கையிலிருந்தும், இவ்வினாவைப் பொறுத்தவரை நம்மிடம் உள்ள சாட்சிகள் இரண்டே. அளவீட்டின் எண்ணிக்கை வேறு, சாட்சியத்தின் கனம் வேறு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் உதாரணம் விஞ்ஞானத்திலே அரிது.

இதனோடு அளவீட்டுப் பிழையும் சேர்ந்துகொள்கிறது. நோக்கியவரின் பிழை அந்தந்த மாதத்தோடு ஒழிவது. அடுத்த மாதத்தின் உண்மையான துருவத்தை அது அசைப்பதில்லை. இதனை மறந்து, காணப்பட்ட சிதறலனைத்தையும் உண்மையான உந்துதலாகவே கொண்டால், நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள தொடர்பு இருப்பதைவிடத் தளர்ந்ததாகத் தோன்றி, தணிவு மிகையாக மதிப்பிடப்படும். கில்பர்ட் வாக்கரின் பெயரையே கொண்டவராயினும் வேறொருவராகிய ஏ. எம். வாக்கரும், ஆண்ட்ரூ யங்கும் 1955, 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இந்த இரு வகைச் சிதறல்களையும் தனித்தனியே கணக்கிலெடுத்தன. 1973இலே டேவிட் பிரிலிங்கர் அலைவெண்களின் வழியே இதே பணியைச் செய்தார். கையிலுள்ள பதிவுகள் தோன்றுதற்கு மிகுந்த வாய்ப்பளிக்கும் எண்களையே ஏற்றல் என்னும் முறையை வில்சனும் விசென்ட்டேயும் கையாண்டனர்.

பிழையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும் இம்மரபு தலவாக்கலைக்கு அந்நியமானதன்று. 1925இலே நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலே, இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையத்தில் புள்ளிவிபரவியலார் ரொனால்ட் ஃபிஷரோடு சேர்ந்து ஆராய்ந்த ரி. ஈடன் பணியாற்றினார், அவர் 1931இலே தேயிலை விளைச்சலைப் பற்றி வெளியிட்ட ஆய்வுவரிசையின் முதற்கட்டுரை, வயற்பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றியதாகவே அமைந்தது. மலையிலிருந்து நிறுவைக்கு வரும் கொழுந்திலே பருவமழையின் ஆண்டு ஏற்றவிறக்கமும் உண்டு; கவ்வாத்திலிருந்து மறு கவ்வாத்து வரையுள்ள பல்லாண்டுச் சுற்றும் உண்டு; இவை நீங்கலாக மண்ணுக்கு மண், செடிக்குச் செடி வேறுபடும் எழுமாறான எச்சமும் உண்டு; எச்சத்தின் அளவை அறியாதவன் உரத்தின் பலனை அறியமாட்டான். ஆண்டு அசைவும், பல்லாண்டுச் சுற்றும், எச்சமும் என்ற அதே மும்மைதான் துருவத்தின் பதிவிலும் காணப்படுவது.

உந்துவது எது

மூன்றாவது எண்ணாகிய உந்துதலின் வலிமை தெரிந்தபின், உந்துவது எது என்னும் வினா எழுகிறது. இந்தியாவிற் பிறந்த லலதேந்து மன்சிங்காவும் டக்ளஸ் ஸ்மைலியும் 1967இலே, பெரும் பூகம்பங்கள் பூமியின் திணிவை இடம்பெயர்ப்பதனால் அசைவு போஷிக்கப்படலாம் என்று வாதித்தனர். அக்கருத்தைப் பரிசோதிக்கத்தக்க கொடிய சந்தர்ப்பமொன்றை நம் நாடும் அறியும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் சுமாத்திராவை உலுக்கி, இலங்கையின் கரைகளிலே ஆழிப்பேரலையை ஏவிய பூகம்பம், சாவோவும் குரோஸும் செய்த கணக்கின்படி, சராசரித் துருவத்தைக் கிழக்கு நெடுங்கோடு 145 பாகையின் திசையிலே ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நகர்த்தியிருக்கவேண்டும். மீற்றர்க்கணக்கிற் சுழலும் துருவத்துக்கு இது மிகச் சிறிய உந்துதல். நூற்றாண்டிலே விரல்விட்டு எண்ணத்தக்க பெரும் பூகம்பங்களே இவ்வளவுதான் செய்யுமாயின், பதினான்கு மாத அசைவை உயிரோடு வைத்திருக்கும் சக்தி வேறிடத்திலிருந்து வரவேண்டும்.

இவ்விடத்தில் ஆராய்ச்சிமுறை ஒரு திருப்பம் பெற்றது. துருவத்தின் நிலையை மாதிரியுருவாக்குவதற்குப் பதிலாக, நிலையிலிருந்து உந்துதலைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அதனை வளிமண்டலத்தினதும் சமுத்திரத்தினதும் பதிவுகளோடு நேருக்கு நேர் ஒப்பிடும் முறை வந்தது. 2000ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் குரோஸ், 1985 முதல் 1996 வரையிலான காலத்தை இவ்வாறு ஆராய்ந்து, அசைவின் உந்துதலிலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சமுத்திரத்தின் அடித்தளத்து அமுக்க மாறுதல்களாலும், எஞ்சியது வளியமுக்க மாறுதல்களாலும் வருவன என்று காட்டினார். எழுமாறானது என்று கணிதம் பெயரிட்டது காரணமற்றது என்று பொருள்படாது. காற்றும் கடலும் காரணத்தோடேதான் அசைகின்றன. பதினான்கு மாத ஒழுங்கு அக்காரணங்களில் இல்லை என்பதே அச்சொல்லின் கருத்து.

மெல்லிய நகர்வும் மனிதனின் பங்கும்

சுருள்கள் அனைத்தையும் சராசரியாக்கி நீக்கினாலும், எஞ்சும் மையப்புள்ளி இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறையப் பத்துச் சென்ரிமீற்றர் வீதம் கனடாவின் கிழக்குப்புறத்தை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. பனியுகத்துப் பாளங்கள் உருகியபின் நிலம் இன்னும் மெல்ல உயர்ந்துகொண்டிருப்பதும், பூமியின் மூடகத்து ஓட்டமும், கிரீன்லாந்தின் பனி குறைவதும் இதற்குக் காரணங்களாக அதிகாரி என்னும் பெயருடைய ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் 2018இலே பகுத்துக் காட்டினர். இத்தகைய மெல்லிய நகர்விலே புள்ளிவிபரவியலார் எச்சரிக்கையாயிருக்கவேண்டிய காரணமுண்டு. மண்டல்பிரோவும் மக்காமியும் 1970இலே எடுத்துக்காட்டியவாறு, நெடுநினைவுடைய எழுமாறான தொடர் தானாகவே நேர்கோட்டில் நகர்வதுபோன்ற தோற்றத்தை நெடுங்காலம் தரவல்லது. ஒவ்வொரு அளவீட்டையும் தனித்த சாட்சியாகக் கொண்டு கோடுவரைபவர் தம் முடிவின் உறுதியை மிகையாக நம்பிவிடுவார்.

2000ஆம் ஆண்டுக்குப் பின் இந்நகர்வு கிழக்கு நோக்கித் திரும்பியது. 2016இலே அதிகாரியும் ஐவின்ஸும் இதற்குப் பனிப்பாளங்களோடு இந்திய உபகண்டத்திலும் காஸ்பியன் கடற்பகுதியிலும் நிலத்து நீர் குறைந்தமையையும் காரணமாகக் காட்டினர். 2023இலே தென்கொரியாவின் கி-வொன் சேயோ குழுவினர், 1993 முதல் 2010 வரை மனிதர் இறைத்த நிலத்தடிநீர் 2,150 கிகா தொன் என்னும் மதிப்பீட்டைச் சேர்த்தால் மாத்திரமே கணக்கிட்ட நகர்வு கண்ட நகர்வோடு பொருந்துகிறது என்றும், அதன் பங்கு ஏறக்குறைய எண்பது சென்ரிமீற்றர் என்றும் நிறுவினர். அதிலே வடமேற்கு இந்தியாவின் பங்கு பெரிது. மறுபுறத்தே, 1835 முதல் 2011 வரை கட்டப்பட்ட 6,862 அணைகளின் நீர்த்தேக்கம் துருவத்தை மொத்தமாக ஒரு மீற்றரளவு இடம்பெயர்த்ததென்று 2025இலே நடாஷா வலென்சிக் குழுவினர் வெளியிட்டனர்.

அணை என்றதும் தலவாக்கலையார்க்கு மேல் கொத்மலை நினைவுக்கு வரும். 2012இலே இயங்கத் தொடங்கிய அந்த 150 மெகாவாட் திட்டத்தின் அணை நகருக்கு அருகிலேயே 35 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதன் தேக்கம் ஏறக்குறைய எட்டு இலட்சம் கனமீற்றர். கீழேயுள்ள கொத்மலை நீர்த்தேக்கமோ 17.4 கோடி கனமீற்றர் நீரைக் கொள்வது. நெகிழ்வு முதலிய நுட்பங்களை ஒதுக்கி எளிய கணக்கொன்று செய்தால், நிரம்பிய கொத்மலை துருவத்தை ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்களவும், மேல் கொத்மலை அதிலும் இருநூறில் ஒரு பங்களவும் எதிர்ப்புறம் தள்ளும். இவ்வளவு குறைவதற்கு நீரின் சிறுமை மாத்திரம் காரணமன்று. பூமத்திய ரேகையிலோ துருவத்திலோ வைத்த பாரம் அச்சைச் சாய்ப்பதில்லை. நடு அட்சரேகையாகிய 45 பாகையிலேயே அதன் நெம்புபலம் உச்சம் பெறும். வடமேற்கு இந்தியாவின் முப்பது பாகையில் குறையும் ஒரு தொன் நீர், நம் ஏழு பாகையிற் குறையும் ஒரு தொன்னைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வலிமையுடையது.

இன்றைய நிலை

இன்று துருவத்தை நோக்குவது தொலைநோக்கி அன்று. வெகுதூரத்து வானொலி மூலங்களை ஒரே நேரத்தில் பல கண்டங்களிலிருந்து கேட்கும் வானொலி அளவீடும், செய்மதிகளும், லேசர்க் கதிர்களும் அதனை மில்லிமீற்றர்க்கணக்கிலே தருகின்றன. 1988 முதல் சர்வதேசப் பூமிச்சுழற்சிச் சேவை அவற்றைத் திரட்டி நாள்தோறும் வெளியிடுகிறது. விண்கலங்களை வழிநடத்துவோர்க்கு இன்றைய துருவம் போதாது, நாளைய துருவமும் வேண்டும். அதற்காக வழங்கும் பிரதான முறை, ஓராண்டு அசைவையும் பதினான்கு மாத அசைவையும் குறைந்த வர்க்க முறையாற் பொருத்தி, எச்சத்தைத் தன்சார்புத் தொடரால் முன்கணிப்பதே. யூலும் வாக்கரும் வகுத்த கருவி நூறாண்டை நெருங்கியும் கைவிடப்படவில்லை. 2024இலே சூரிச்சின் கியானி ஷாவண்டி குழுவினர் பௌதிக விதிகளைத் தன்னுள்ளே கொண்ட நரம்பு வலையமைப்பினால் நூற்றிருபது ஆண்டுப் பதிவை விளக்க முயன்றமை, புதிய முறைகளும் இதே வினாவையே நாடுகின்றன என்பதைக் காட்டுகிறது.

இவ்வினாவின் முழுப்பரப்பையும் நோக்கிச் சொல்லத்தக்க முடிவு இது: காலவட்டம் நிர்ணயமாயிற்று, உந்துதலின் மூலம் பெரும்பாலும் வெளிப்பட்டது, தணிவு மாத்திரம் தீர்ப்பின்றி நிற்கிறது. அதனைத் தீர்க்கக் கருவியின் நுட்பம் மாத்திரம் போதாது, காலமும் வேண்டும். மில்லிமீற்றர் நுட்பமுள்ள நாற்பதாண்டுப் பதிவு, குறைந்த நுட்பமுள்ள நூற்றிருபதாண்டுப் பதிவுக்கு இவ்விஷயத்திலே முழு ஈடாகாது. யுத்தங்களையும் வறுமையையும் தாண்டி, இரவுதோறும் ஒரே நட்சத்திரங்களை நோக்கி எழுதிவைத்த பழைய நிலையங்களின் ஏடுகளை யூமியும் யோக்கோயாமாவும் 1980இலே மீண்டும் ஒருசீராகக் கணக்கிட்டது இதனாலேயே பெரும் பணியாகிறது.

2015ஆம் ஆண்டளவிலிருந்து பதினான்கு மாத அசைவு மீண்டும் மிகவும் சிறுத்துவிட்டது. எழுமாறாக உந்தப்படும் ஊசலின் கணிதத்துக்கு இதில் விந்தையில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்கு இது நற்சந்தர்ப்பம்: பழைய அசைவின் மிச்சம் ஏறக்குறைய இல்லாதபோது, இனி வளரும் ஒவ்வொரு மீற்றரும் புதிய உந்துதலின் விளைவென்று ஐயமின்றிக் கொள்ளலாம், அந்த உந்துதலைக் காற்றினதும் கடலினதும் நுண்ணிய பதிவுகளோடு ஒப்பிடலாம். 1920களிலே அசைவு சிறுத்தபோது கடலின் அடித்தள அமுக்கத்தை அளப்பாரில்லை. இன்று செய்மதிகள் அளக்கின்றன. எனவே அடுத்த சில பதின்மாண்டுகளின் பதிவு, அளவிலே சிறிதாயினும், தணிவைப் பற்றிய வழக்கிலே இதுவரை கிடைத்த சாட்சியங்களுக்குள் மிகத் தெளிவானதாக அமையும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.